முதல் வாக்கும் குடியரசுத் தலைவர் தேர்தலும்: கமுதி வாக்காளருக்கான விளக்கம்

இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 18 வயது நிறைவடைந்து முதன்முறையாக வாக்களிக்கும் ஒருவருக்கு இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நேரடி வாக்கு இல்லை. அத்தேர்தலில் வாக்களிப்பவர்கள் மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்ற உறுப்பினர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் ஆவர். ஆனாலும் கமுதி வாக்காளருக்கு அத்தேர்தலில் பங்கே இல்லை என்று கூற இயலாது. முதுகுளத்தூர் சட்டமன்றத் தொகுதிக்கும் இராமநாதபுரம் மக்களவைத் தொகுதிக்கும் அவர் வாக்களிக்கும் நாளிலேயே, பின்னர் நடக்கவிருக்கும் குடியரசுத் தலைவர் தேர்தலில் தமக்காக வாக்களிக்கப் போகிறவரையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார். முதல் வாக்கை யாருக்கு அளிப்பது என்று முடிவு செய்யும்போது இவ்விரண்டாவது பொறுப்பும் கருத்தில் கொள்ளத்தக்கது. இக்கட்டுரை அத்தேர்தலின் முறையையும், முதல் வாக்காளர் முடிவெடுப்பதற்கு உதவும் வழிகளையும் விளக்குகிறது.

2002: மாவட்டத்துக்காரர் நின்ற தேர்தல்

இராமேசுவரத்தில் பிறந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் 2002ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட்டார். அவரை எதிர்த்து நின்றவர் இந்திய தேசிய இராணுவத்தின் ஜான்சி ராணி படைப்பிரிவுக்குத் தலைமை வகித்த கேப்டன் இலட்சுமி சாகல். அவரும் சென்னையில் பிறந்தவரே. கலாமுக்குத் தேசிய ஜனநாயகக் கூட்டணியும் காங்கிரசும் ஆதரவளித்தன. இலட்சுமி சாகலை இடதுசாரிக் கட்சிகள் நிறுத்தின. ஜூலை 15 அன்று நடந்த வாக்கெடுப்பில் கலாம் 9,22,884 வாக்கு மதிப்பும், இலட்சுமி சாகல் 1,07,366 வாக்கு மதிப்பும் பெற்றனர். ஜூலை 25 அன்று கலாம் பதவியேற்றார்.

இத்தேர்தலில் இராமேசுவரத்திலோ கமுதியிலோ ஒரு வாக்குச்சாவடியும் அமைக்கப்படவில்லை. தம் மாவட்டத்தில் பிறந்தவருக்கு வாக்களிக்க விரும்பிய எவரும் விரலில் மை வைத்துக்கொள்ள வாய்ப்பில்லை. மாவட்டத்தின் சார்பாக வாக்களித்தவர்கள் முந்தைய பொதுத்தேர்தல்களில் மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியிருந்த உறுப்பினர்களே. அந்தப் பொதுத்தேர்தல்களில் மக்கள் வாக்களித்தபோது கலாம் வேட்பாளராவார் என்பது யாருக்கும் தெரியாது. குடியரசுத் தலைவர் தேர்தலில் மக்களின் பங்கு எப்போதும் இவ்வாறே அமைகிறது. வேட்பாளர் யாரென்று தெரியும் முன்பே, வாக்களிக்கும் உரிமை மற்றொருவரிடம் ஒப்படைக்கப்பட்டுவிடுகிறது.

மறைமுகத் தேர்தல் ஏன்?

அரசியல் நிர்ணய சபையில் இது விவாதிக்கப்பட்ட கேள்வியாகும். கே. டி. ஷா போன்றோர் குடியரசுத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என வாதிட்டனர். ஜவகர்லால் நேரு உள்ளிட்டோர் இதை ஏற்கவில்லை. இந்தியா ஏற்றது நாடாளுமன்ற ஆட்சிமுறை. அதில் உண்மையான நிர்வாக அதிகாரம் மக்களவைக்குப் பொறுப்பான அமைச்சரவையிடம் உள்ளது. நாடு முழுவதும் வாக்குப் பெற்று வரும் குடியரசுத் தலைவர் அமைச்சரவைக்குப் போட்டியான அதிகார மையமாகிவிடக் கூடும் என்பது அவர்களது கருத்து. எனவே அரசியலமைப்பின் 54ஆம் பிரிவு வாக்காளர் குழு ஒன்றை ஏற்படுத்தியது. மக்களவை, மாநிலங்களவை ஆகியவற்றின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும், மாநிலச் சட்டமன்றங்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும் இக்குழுவில் உள்ளனர். தில்லி, புதுச்சேரி சட்டமன்றங்களும் பின்னர் சேர்க்கப்பட்டன. நியமன உறுப்பினர்களுக்கும் சட்ட மேலவை உறுப்பினர்களுக்கும் இதில் வாக்கில்லை.

வாக்கின் மதிப்பு 176

எல்லாச் சட்டமன்ற உறுப்பினர்களின் வாக்கும் சம மதிப்புடையதன்று. மாநில மக்கள்தொகையைத் தேர்ந்தெடுக்கப்படும் உறுப்பினர்களின் எண்ணிக்கையால் வகுத்து, வரும் எண்ணை மீண்டும் 1000ஆல் வகுத்தால் ஓர் உறுப்பினரின் வாக்கு மதிப்பு கிடைக்கும். தமிழ்நாட்டுக்கு அக்கணக்கு பின்வருமாறு:

1971 மக்கள்தொகை: 4,11,99,168
சட்டமன்ற உறுப்பினர்கள்: 234
4,11,99,168 ÷ 234 ÷ 1000 = 176

ஆகவே முதுகுளத்தூர் உறுப்பினரின் ஒரு வாக்கு 176 எனக் கணக்கிடப்படுகிறது. 234 உறுப்பினர்களும் சேர்ந்தால் மாநிலத்தின் மொத்த மதிப்பு 41,184. உத்தரப் பிரதேசத்தில் ஓர் உறுப்பினரின் வாக்கு மதிப்பு 208, சிக்கிமில் 7.

இன்றைய மக்கள்தொகை இருக்க 1971ஆம் ஆண்டுக் கணக்கைப் பயன்படுத்துவதற்குக் காரணம் உண்டு. குடும்பக் கட்டுப்பாட்டைச் சிறப்பாகச் செயல்படுத்திய மாநிலங்கள் அதனால் அரசியல் பலத்தை இழக்கக் கூடாது என்பதற்காக 42ஆம் அரசியலமைப்புத் திருத்தம் அந்தக் கணக்கை நிலைநிறுத்தியது. 84ஆம் திருத்தம் அதனை 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வெளியாகும் வரை நீட்டித்தது.

அனைத்துச் சட்டமன்ற உறுப்பினர்களின் மொத்த வாக்கு மதிப்பை நாடாளுமன்ற உறுப்பினர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் மதிப்பு கிடைக்கும். 2022 தேர்தலில் அது 700. சம்மு காசுமீரில் அப்போது சட்டமன்றம் இல்லாததால் முந்தைய 708இலிருந்து குறைந்தது. கமுதி வாக்காளரின் சார்பாக முதுகுளத்தூர் உறுப்பினரின் 176 மதிப்புள்ள வாக்கும், இராமநாதபுரம் மக்களவை உறுப்பினரின் 700 மதிப்புள்ள வாக்கும் பதிவாயின. 2022 தேர்தலில் திரௌபதி முர்மு 6,76,803 மதிப்பும், யஷ்வந்த் சின்கா 3,80,177 மதிப்பும் பெற்றனர்.

உறுப்பினர் வாக்களிக்கும் முறை

தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர்கள் சென்னைத் தலைமைச் செயலகத்தில் வாக்களிக்கின்றனர். நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குப் பச்சை நிறத்திலும் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு இளஞ்சிவப்பு நிறத்திலும் வாக்குச்சீட்டு தரப்படும். தேர்தல் ஆணையம் வழங்கும் ஊதா மைப் பேனாவால் மட்டுமே எழுத வேண்டும். வேட்பாளர் பெயருக்கு எதிரே 1, 2, 3 என விருப்ப வரிசையைக் குறிக்க வேண்டும். முதல் விருப்பம் கட்டாயம். மற்றவை உறுப்பினரின் விருப்பம். இந்திய மொழிகளின் எண்களும் ஏற்கப்படுவதால் தமிழ் எண்ணான ௧ எனவும் எழுதலாம். 'ஒன்று' எனச் சொல்லாக எழுதினால் செல்லாது.

செல்லத்தக்க மொத்த மதிப்பில் பாதிக்கு மேல் பெறுபவரே வெற்றி பெறுவார். முதல் எண்ணிக்கையில் எவரும் அதைப் பெறாவிட்டால், மிகக் குறைவாகப் பெற்றவர் நீக்கப்பட்டு, அவருடைய சீட்டுகள் அடுத்த விருப்பத்தின்படி மற்றவர்களுக்கு மாற்றப்படும்.

இத்தேர்தலின் இரண்டு கூறுகள் முதல் வாக்காளருக்கு முக்கியமானவை. ஒன்று, வாக்கு இரகசியமானது. இரண்டு, கட்சிகள் இதில் கொறடா உத்தரவு பிறப்பிக்க இயலாது. கட்சித்தாவல் தடைச் சட்டம் இவ்வாக்குக்குப் பொருந்தாது. கட்சி முடிவுக்கு மாறாக வாக்களித்ததற்காக ஓர் உறுப்பினர் பதவி இழக்க மாட்டார். அவர் யாருக்கு வாக்களித்தார் என்பது அவரைத் தேர்ந்தெடுத்த மக்களுக்கும் தெரியாது. எனவே கட்சியைப் பார்த்து மட்டும் வாக்களிக்கும் ஒருவர், இவ்விடத்தில் அக்கட்சியின் வேட்பாளருடைய தனிப்பட்ட நேர்மையையே நம்பியிருக்கிறார்.

1969: மனச்சாட்சி வாக்கு

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு 1969ஆம் ஆண்டுத் தேர்தல். குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே காலமானார். காங்கிரசுக் கட்சியின் அதிகாரப்பூர்வ வேட்பாளராக நீலம் சஞ்சீவ ரெட்டி நிறுத்தப்பட்டார். வி. வி. கிரி சுயேச்சையாகப் போட்டியிட்டார். பிரதமர் இந்திரா காந்தி, மனச்சாட்சிப்படி வாக்களிக்குமாறு தம் கட்சி உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டார். தமிழ்நாட்டில் ஆட்சியிலிருந்த தி.மு.க. கிரியை ஆதரித்தது.

முதல் எண்ணிக்கையில் கிரி 4,01,515, ரெட்டி 3,13,548, சி. டி. தேஷ்முக் 1,12,769 பெற்றனர். எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. அடுத்த விருப்பங்கள் எண்ணப்பட்டபின் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427 என முடிவு அமைந்தது. அதே ஆண்டில் காங்கிரசு இரண்டாகப் பிளந்தது.

குடியரசுத் தலைவர் பதவி கமுதியை எவ்வாறு தொடுகிறது?

குடியரசுத் தலைவர் பெரும்பாலும் மத்திய அமைச்சரவையின் ஆலோசனைப்படியே செயல்பட வேண்டும். ஆயினும் அவரது கையொப்பம் தேவைப்படும் முடிவுகள் ஊர் வாழ்வை நேரடியாகப் பாதிக்கின்றன.

2017ஆம் ஆண்டு ஏறுதழுவலை அனுமதிக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டத்திருத்தம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்று நடைமுறைக்கு வந்தது. மருத்துவப் படிப்பில் நீட் தேர்விலிருந்து விலக்குக் கோரிச் சட்டமன்றம் 2021இல் நிறைவேற்றி, ஆளுநர் திருப்பி அனுப்பிய பின் 2022 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேற்றிய சட்டமுன்வரைவுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டது. இச்செய்தியை 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நீட் வேண்டும் எனக் கருதும் மாணவருக்கும் வேண்டாம் எனக் கருதும் மாணவருக்கும் அம்முடிவு சமமாகவே பொருந்துகிறது.

மாநில ஆட்சியைக் கலைக்கும் 356ஆம் பிரிவின் ஆணையிலும் குடியரசுத் தலைவரே கையொப்பமிடுகிறார். தமிழ்நாட்டில் 1976, 1980, 1991 ஆகிய ஆண்டுகளில் ஆட்சிகள் இவ்வாறு கலைக்கப்பட்டன. 1991இல் கையொப்பமிட்ட ஆர். வெங்கட்ராமன் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். சொந்த மாநிலத்தவர் அப்பதவியில் இருப்பது மட்டுமே மாநிலத்தின் நலனுக்கு உறுதியாகிவிடாது என்பதற்கு இது சான்றாகும்.

கடலுக்கு அப்பால் நேரடி வாக்கு

தனுஷ்கோடியிலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவில் உள்ள இலங்கையில் குடியரசுத் தலைவரை, அதாவது சனாதிபதியை, மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி முதல் நேரடித் தேர்தல் 1982இல் நடந்தது. அங்கும் 1, 2, 3 என விருப்ப வரிசை உண்டு. இந்தியாவில் சட்டமன்ற உறுப்பினர் கையில் உள்ள அதே வாய்ப்பு, இலங்கையில் ஒவ்வொரு வாக்காளர் கையிலும் உள்ளது.

2024 செப்டம்பர் 21 அன்று நடந்த தேர்தலில் அனுர குமார திசாநாயக்க 42.31 விழுக்காடும், சஜித் பிரேமதாச 32.76 விழுக்காடும் பெற்றனர். எவரும் பாதியைத் தாண்டாததால் இலங்கை வரலாற்றில் முதன்முறையாக விருப்ப வாக்குகள் எண்ணப்பட்டு, திசாநாயக்க வெற்றி பெற்றார். தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற பா. அரியநேத்திரன் 2,26,343 வாக்குகள் பெற்றார். அவர் வெற்றிபெற வாய்ப்பில்லை என அறிந்தே பலர் வாக்களித்தனர். தம் கோரிக்கையை வெளிப்படுத்த முதல் விருப்பத்தையும், ஆட்சிக்கு வரக்கூடியவரைத் தேர்வதற்கு இரண்டாம் விருப்பத்தையும் பயன்படுத்த அம்முறை இடமளித்தது.

கமுதி வாக்காளருக்குப் பொதுத்தேர்தலில் இவ்வசதி இல்லை. ஒரு பொத்தானை மட்டுமே அழுத்தலாம். கொள்கைக்காக வாக்களிப்பதா, வெல்லக்கூடியவருள் ஏற்கத்தக்கவருக்கு வாக்களிப்பதா என்பதை அந்த ஒரு பொத்தானிலேயே முடிவு செய்ய வேண்டும்.

இதே இராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம் முகாமில் வாழும் இலங்கைத் தமிழ் ஏதிலியர் பலருக்கு இந்தியக் குடியுரிமை இல்லாததால் இங்கு வாக்கில்லை. வெளிநாட்டிலிருந்து வாக்களிக்கும் ஏற்பாடு இல்லாததால் இலங்கைத் தேர்தலிலும் வாக்கில்லை.

முதல் வாக்காளர் முடிவெடுக்கும் வழிகள்

1. எந்தத் தேர்தல் என்பதைப் பிரித்தறிதல். குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, குப்பை அகற்றல் ஆகியவை கமுதிப் பேரூராட்சியின் பணிகள். கண்மாய் பராமரிப்பு, மிளகாய்க்கான குளிர்பதனக் கிடங்கு, அரசு மருத்துவமனை, காவிரி–வைகை–குண்டாறு இணைப்புத் திட்டம் ஆகியவை முதன்மையாக மாநில அரசைச் சார்ந்தவை. தொடருந்து, வெளியுறவு, பாக் நீரிணையில் கைதாகும் மீனவர் சிக்கல் ஆகியவை மத்திய அரசைச் சார்ந்தவை. சட்டமன்றத் தேர்தலில் மக்களவைக்குரிய வாக்குறுதியைக் கேட்டு வாக்களித்தால், பின்னர் கணக்குக் கேட்க இயலாது.

2. வேட்பாளரின் உறுதிமொழி ஆவணத்தைப் படித்தல். ஒவ்வொரு வேட்பாளரும் படிவம் 26இல் சொத்து, கடன், கல்வி, குற்ற வழக்குகள் ஆகியவற்றை அறிவிக்க வேண்டும். இது தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் எவரும் காணும்படி வெளியிடப்படுகிறது. குற்ற வழக்கு உள்ளவர்கள் அதைச் செய்தித்தாளிலும் விளம்பரம் செய்ய வேண்டும். வழக்கின் தன்மையையும் பார்க்க வேண்டும்: போராட்டத்தில் கலந்துகொண்டதற்கான வழக்கும் பண மோசடி வழக்கும் ஒன்றல்ல.

3. முன்னர் பதவியில் இருந்தவராயின் செயல்பாட்டைப் பார்த்தல். மக்களவை உறுப்பினரின் வருகை, கேட்ட கேள்விகள் ஆகியவை நாடாளுமன்ற இணையதளத்தில் உள்ளன. அவருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு. அது எதற்குச் செலவானது என்று கேட்கலாம்.

4. கட்சியின் நடத்தையைப் பார்த்தல். வருங்காலக் குடியரசுத் தலைவர் வேட்பாளர் யார் என்று தெரியாவிட்டாலும், முந்தைய தேர்தல்களில் அக்கட்சி யாரை, எக்காரணம் கூறி ஆதரித்தது என்பதை அறிய முடியும். மாநில உரிமை பற்றி மேடையில் பேசியதும் வாக்கெடுப்பில் செய்ததும் ஒத்துள்ளனவா எனவும் ஒப்பிடலாம்.

5. பெயரும் சின்னமும் சரிபார்த்தல். 2024 மக்களவைத் தேர்தலில் இராமநாதபுரத்தில் முன்னாள் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழம் சின்னத்தில் சுயேச்சையாகப் போட்டியிட்டார். அவருடைய பெயரையே கொண்ட வேறு சிலரும் அதே தொகுதியில் போட்டியிட்டனர். பெயரை மட்டும் நினைவில் வைத்தவர் ஏமாறக்கூடும். வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேட்பாளரின் பெயர், ஒளிப்படம், சின்னம் மூன்றும் இருக்கும். அழுத்தியபின் ஒப்புகைச் சீட்டு ஏழு நொடிகள் கண்ணாடிக்குள் தெரியும்; அதைப் பார்த்து உறுதி செய்யலாம். அத்தேர்தலில் கா. நவாஸ்கனி வெற்றி பெற்றார், ஓ. பன்னீர்செல்வம் இரண்டாமிடம் பெற்றார்.

6. எவரும் ஏற்புடையவர் அல்லர் எனில். 'இவர்களில் எவருமில்லை' என்னும் பொத்தான் 2013 முதல் உள்ளது. அது எவ்வளவு வாக்குப் பெற்றாலும் வேட்பாளர்களுள் அதிக வாக்குப் பெற்றவரே வெற்றி பெறுவார். எனவே அது எதிர்ப்பைப் பதிவு செய்யும் வழியே தவிர, முடிவை மாற்றும் வழி அன்று.

சாதி, குடும்பம், பணம்

கமுதிப் பகுதியில் வாக்கு என்பது தனிமனித விருப்பமாக மட்டும் இருந்ததில்லை. 1957இல் முதுகுளத்தூர் சட்டமன்றத் தொகுதி இடைத்தேர்தலைத் தொடர்ந்து சாதி மோதல் மூண்டது. அவ்வாண்டு செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் கொலை செய்யப்பட்டார். அதற்குப் பின் கலவரத்திலும் கீழத்தூவலில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டிலும் உயிர்கள் பறிபோயின. வாக்கின் இரகசியம் இப்பகுதியில் வெறும் சட்ட விதியன்று, உயிர்ப் பாதுகாப்புமாகும்.

தனிமனிதர் யாருக்கு வாக்களித்தார் என்பதை எவராலும் அறிய முடியாது. வாக்குச்சாவடி வாரியான மொத்த எண்ணிக்கை படிவம் 20இல் வெளியாகும். இதனால் ஒரு தெருவோ ஊரோ எப்பக்கம் வாக்களித்தது என்பது தெரியவரும். ஆனால் அதற்குள் ஒருவரின் வாக்கைப் பிரித்துக் காட்ட இயலாது. 'உன் வாக்கு எங்களுக்குத் தெரிந்துவிடும்' என்று எவரேனும் அச்சுறுத்தினால் அது உண்மையன்று. அப்பா, சித்தப்பா, மாமா சொல்வதைக் கேட்டுக்கொள்ளலாம். ஊர்க்கூட்டத்தில் எடுத்த முடிவையும் கேட்டுக்கொள்ளலாம். வாக்குப்பதிவு மறைப்பிற்குள் வாக்காளர் தனியாகவே நிற்கிறார்.

வாக்குக்குப் பணம் கொடுப்பதும் பெறுவதும் குற்றமாகும். பணம் வாங்கியவர் கொடுத்தவருக்கே வாக்களிக்கச் சட்டத்தின்படியோ அறத்தின்படியோ கடமைப்பட்டவர் அல்லர். பண வழங்கல் குறித்துத் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் பெயர் வெளியிடாமல் புகார் அளிக்கலாம்.

வாக்காளர் பட்டியலில் சேர்தல்

1988ஆம் ஆண்டின் 61ஆம் அரசியலமைப்புத் திருத்தம் வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது. சனவரி 1, ஏப்ரல் 1, சூலை 1, அக்டோபர் 1 ஆகிய நான்கு தகுதி நாள்களுள் ஒன்றில் 18 வயது நிறைவடைந்தவர் படிவம் 6இல் விண்ணப்பிக்கலாம். 17 வயது நிறைந்தவர் முன்கூட்டியே விண்ணப்பிக்கவும் இயலும். விண்ணப்பத்தை இணையவழியிலோ வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ அளிக்கலாம். விவரங்களுக்கு 1950 என்ற எண்ணை அழைக்கலாம். வாக்காளர் அடையாள அட்டை இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லையெனில் வாக்களிக்க இயலாது. ஆகவே தேர்தல் அறிவிக்கப்படும் முன்பே பட்டியலைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்த குடியரசுத் தலைவர் தேர்தல்

திரௌபதி முர்மு 2022 ஜூலை 25 அன்று பதவியேற்றார். ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2027 ஜூலையில் நிறைவடைகிறது. அதற்கு முன் அடுத்த தேர்தல் நடத்தப்பட வேண்டும். அதில் தமிழ்நாட்டின் சார்பாக வாக்களிக்க வேண்டியவர்கள், 2024 மக்களவைத் தேர்தலில் தேர்வான 39 உறுப்பினர்களும், மாநிலங்களவையில் உள்ள 18 உறுப்பினர்களும், 2026 சட்டமன்றத் தேர்தலுக்குரிய 234 உறுப்பினர்களும் ஆவர். கமுதியில் 2026இல் முதன்முறையாக வாக்களிப்பவரின் வாக்கு, ஓராண்டுக்குப் பின் சென்னைத் தலைமைச் செயலகத்தில் ஓர் இளஞ்சிவப்புச் சீட்டாக மாறும். அச்சீட்டில் என்ன எழுதப்பட்டது என்பதை அவர் ஒருபோதும் காண முடியாது. யார் கையில் அதைக் கொடுப்பது என்பது மட்டுமே அவரது முடிவில் உள்ளது.